ஓரத்தில் கிடந்த பாட்டு: நீங்கள் திரும்பக் கண்டெடுத்தது எது?

ஒலிநாடா எழுதியது:

அலமாரியை ஒழிக்கும்போது ஒரு கேசட் கிடைத்தது. மேலே ‘கலவை 3’ என்று பேனாவில் என் கையெழுத்து. வானொலியிலிருந்து பிடித்து வைத்த பாட்டுகள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அறிவிப்பாளரின் கடைசிச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாலில் நான் பொத்தானை அமுக்கிய ‘டக்’. கேசட் பிளேயர் இன்னும் ஓடுகிறது, அதனால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டேன்.

நான்காவது பாட்டு குளோரியா கேனரின் ‘ஐ வில் சர்வைவ்’. எத்தனையோ இடத்தில் காதில் விழுந்த பாட்டுதான். ஆனால் எல்லாமே கூட்டத்தின் நடுவே. தனியாக உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான். பியானோ ஒருமுறை அலைபோல ஓடி நிற்கிறது. அப்புறம் அந்தக் குரல் மட்டும் கதையை ஆரம்பிக்கிறது, தாளம் இன்னும் வரவில்லை. நடனப் பாட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பயந்துபோன ஒருத்தி தன்னிடமே பேசிக்கொள்வது போலத் தொடங்குகிறது! பின்னணிக் குரல்களும் கிடையாது. அவர் முதுகில் அடிபட்டு அறுவை சிகிச்சை முடிந்து, முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு பாடிய பாட்டு அது என்று பிறகுதான் படித்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. 1978-இல் வந்த அந்த இசைத்தட்டில் இது பின்பக்கப் பாட்டு. முன்பக்கத்தில் ‘சப்ஸ்டிட்யூட்’ என்று வேறொரு பாட்டு. நடன அரங்குகளில் தட்டுப் போடுபவர்கள்தான் திருப்பிப் போட்டார்கள். கூட்டம் ஆடியது, வானொலி வழிக்கு வந்தது, 1979-இல் அமெரிக்காவில் முதலிடம். கிராமியில் ‘சிறந்த டிஸ்கோ பாடல்’ என்ற விருது ஒரே ஒரு ஆண்டுதான் இருந்தது. அது இந்தப் பாட்டுக்குத்தான் போனது.

ஓரத்தில் வைத்ததுதான் நிலைத்தது. அதிலிருந்து எனக்கு இதே நினைப்பு. நீங்கள் பல வருடம் கழித்துத் திரும்பக் கண்டெடுத்த பாட்டையோ வீடியோவையோ எழுதுங்கள். எந்த நாடு, எந்தக் காலம், எந்த வகை என்றாலும் சரி. வெறும் பெயரைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்த நொடியில் கை நின்றது என்று சொல்லுங்கள்.


இரண்டாம்பக்கம் எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்த இழைக்கு நான் வராமல் இருக்க முடியாது. பழைய சிங்கிள் தட்டுகளைச் சேர்ப்பவன். வாங்கியதும் முதலில் பின்பக்கத்தைத்தான் போடுவேன்.

பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ 1954-இல் பின்பக்கமாகத்தான் வந்தது, பெரிதாக எடுபடவில்லை. அடுத்த ஆண்டு ‘பிளாக்போர்ட் ஜங்கிள்’ படத்தின் தலைப்பு ஓடும்போது அதைப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஆனால் எனக்குக் கை நின்றது ‘டெய்ன்டட் லவ்’ பாட்டில். சாஃப்ட் செல் குழு 1981-இல் சின்தசைசரில் பாடியதுதான் எல்லோருக்கும் தெரியும். அந்த இரட்டைத் தட்டலை யார் மறப்பார்கள்? நானும் அதுதான் மூலம் என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் குளோரியா ஜோன்ஸ் பாடியதைக் கேட்டேன். அறுபதுகளின் நடுவில் வந்த சோல் பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை. அதுவும் பின்பக்கம்தான்! அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுபதுகளில் இங்கிலாந்தின் வடக்கே இரவு முழுக்க ஆடும் கூட்டம் ஒன்று இருந்தது. தோற்றுப்போன அமெரிக்க சோல் தட்டுகளைத் தேடித் தேடி வாங்கி ஆடினார்கள். அவர்கள் கையில் கிடைத்துத்தான் இது பிழைத்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சாஃப்ட் செல்லில் வேகம் குறைவு. பாடுகிறவர் நெஞ்சு உடைந்து அறையில் அடைந்து கிடக்கிறார். குளோரியா ஜோன்ஸ் அப்படியில்லை, பித்தளைக் கருவிகள் பின்னால் முழங்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டார். சொற்கள் ஒன்றுதான். ஒருவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, இன்னொருவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.


மழைமேகம் எழுதியது:

ஒலிநாடா அக்கா, இங்கே எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் பிறந்தது 2004-இல். எனக்கு ‘திரும்ப’ என்று எதுவும் கிடையாது, எல்லாமே முதல்முறைதான்.

கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ எனக்கு ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காவது சீசனில்தான் தெரியும். 1985-இல் இங்கிலாந்தில் மூன்றாம் இடம் வரை போன பாட்டு, 2022-இல் முதலிடத்துக்கு வந்தது. 37 வருடம். தொடரைப் பார்த்த அன்றிரவே பழைய வீடியோவைத் தேடினேன். அதில் அவர் வாயே அசைக்கவில்லை! பாடுவது போன்ற பாவனை கிடையாது. ஒரு ஆணும் பெண்ணும் ஆடுகிறார்கள், ஒருவரை ஒருவர் இழுத்துத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்து வீடியோ என்றால் புகையும் தலைமுடியும்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் ஜப்பானின் மிகி மட்சுபாரா. 1979-இல் ‘மயொனக நோ டோர்’ என்ற பாட்டோடு அறிமுகமானபோது அவருக்கு 19 வயது. 2020-இல் டிக்டாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. தங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் இந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, ஜப்பானிய அம்மா சட்டென்று பாடத் தொடங்குவதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அப்படி ஒரு அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கை நின்றது. கண்ணுக்கு முன்னால் முப்பது வயது குறைந்துபோனது.

மிகி 2004-இல் புற்றுநோயில் இறந்துவிட்டார், 44 வயதில். நான் பிறந்த அதே ஆண்டு. தன் பாட்டு இவ்வளவு தூரம் வந்தது அவருக்குத் தெரியாது. அது மனதைப் பிசைகிறது.

இதெல்லாம் கணக்கில் வருமா?


வேர்தேடி எழுதியது:

தம்பியோ தங்கையோ, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அன்றிரவே வீடியோவைத் தேடினீர்கள் பாருங்கள், அதனால் உங்களுடையது கணக்கில் வரும். பெரும்பாலானோர் தேடுவதில்லை. பதினைந்து நொடி கேட்கிறார்கள், அந்தப் பதினைந்து நொடிக்குக் கையாட்டுகிறார்கள், அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். யார் பாடியது, யார் எழுதியது, அவருக்குக் காசு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதே இல்லை.

பாட்டு திரும்பி வருகிறது, பாடியவன் திரும்பி வருவதில்லை. என் மனக்குறை இதுதான்.


ஒலிநாடா எழுதியது:

மழைமேகம், தாராளமாக எழுது. நான் குளோரியா கேனரை முதலில் கேட்டதும் ஏதோ ஒரு வானொலிக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்டதால்தானே? அன்றைக்கு அவர் கை, இன்றைக்கு ஒரு தொடர்.

2013-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. கல்லூரி மாணவர்களுக்குப் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகள் போக, பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளும் அவர்கள் மனதில் தனியாக மேலெழுந்து நின்றன. ஆக நீ ‘முதல்முறை’ என்று நினைப்பது உன் காதில் சிறுவயதிலேயே விழுந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்.

வேர்தேடி ஐயா, உங்கள் மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் குறையோடு ஒரு பாட்டையும் கொண்டு வாருங்கள்.


நள்ளிரவுவானொலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கண்டெடுத்ததைச் சொல்ல வரவில்லை. தொலைத்ததைத் தேடி வந்திருக்கிறேன்.

தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ. இரவு, வானொலி, காதோடு வைத்துக் கேட்பேன். ஆங்கிலம் அப்போது எனக்குப் பாதிதான் புரியும். ஒரு பெண் குரல். உயரப் போகாத குரல், பாடுகிறாரா பேசுகிறாரா என்று சொல்ல முடியாது. நடுநடுவே சொல்லே இல்லாமல் ‘தத்தத்தா தத்தத்தா’ என்று ஒரு முனகல் திரும்பத் திரும்ப வரும். நாற்பது நொடி போலப் பதிவு செய்தேன். அதற்குள் கேசட் முடிந்துவிட்டது. அந்தக் கேசட்டும் இப்போது இல்லை.

முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த முனகல் மட்டும் மண்டைக்குள் ஓடுகிறது. யாரிடமாவது பாடிக் காட்டினால் தெரியாது என்கிறார்கள். உதவுவீர்களா?


இரண்டாம்பக்கம் எழுதியது:

கண்டிப்பாக. பெண் குரல், சொல்லில்லாத அசை, பேச்சுமாதிரி என்றால் முதலில் எனக்கு வருவது லாரி ஆண்டர்சனின் ‘ஓ சூப்பர்மேன்’. 1981. ‘ஹ ஹ ஹ’ என்று ஒரே அசை பாட்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் இந்தப் பாட்டு இங்கிலாந்தில் இரண்டாம் இடம் வரை போனது, இன்று நினைத்தாலும் நம்ப முடியவில்லை. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மனம் தளர வேண்டாம். எண்பதுகளின் நடுவில் ஜெர்மன் வானொலியிலிருந்து ஒரு இளைஞர் பதிவு செய்த பாட்டு ஒன்று, பெயர் தெரியாமல் 2007 முதல் இணையத்தில் சுற்றியது. ஆயிரக்கணக்கானோர் தேடினார்கள். 2024 நவம்பரில் விடை கிடைத்தது: கீல் நகரத்து ‘ஃபெக்ஸ்’ குழுவின் ‘சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்’. அந்தக் குழுவினருக்கே தங்கள் பாட்டை உலகம் தேடிக்கொண்டிருப்பது தெரியாது! பழைய செய்தித்தாள்களைப் புரட்டிய ஒருவர்தான் பிடித்தார்.


பென்சில்கோடு எழுதியது:

நான் அனிமேஷன் வேலை பார்ப்பவள். எனக்கு நின்றது காது இல்லை, கண்.

அ-ஹா குழுவின் ‘டேக் ஆன் மீ’ வீடியோ. பார்க்காதவர்கள் குறைவு. படக்கதையிலிருந்து ஒரு பென்சில் கை நீளுமே, அதுதான். சிறுவயதில் பார்த்தபோது மாயம் என்று நினைத்தேன். வேலைக்கு வந்தபிறகு ஒருநாள் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) நிறுத்திப் பார்த்தேன். முதலில் ஆட்களை வைத்துப் படம் பிடிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு சட்டத்தின் மேலும் தாள் வைத்துக் கையால் வரைகிறார்கள். ஏறக்குறைய 3,000 சட்டங்கள், 16 வாரம். மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் வரைந்தவர்கள், ஸ்டீவ் பாரன் இயக்குநர்.

கவனியுங்கள், அந்தப் பையன் அசையாமல் நிற்கும்போதுகூட அவன் கன்னத்துக் கோடுகள் துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு சட்டத்தில் போட்ட நிழல் கோடு அடுத்த சட்டத்தில் அதே இடத்தில் விழாது, கைதானே போடுகிறது. எங்கள் தொழிலில் அதைத் தவறு என்று சரிசெய்யச் சொல்வார்கள். இங்கே அந்தத் துடிப்புதான் அவன் உயிர். கடைசியில் அவன் வீட்டு நடைவழியின் சுவரில் மாறி மாறி மோதி மனிதனாக மாறப் பார்ப்பான். பென்சில் கோடும் சதையும் மாறி மாறி வரும் அந்தச் சில நொடிகள். நான் அழுதுவிட்டேன். நாற்பது வயதில், வேலைநேரத்தில்.

ஒலிநாடா சொன்ன ‘ஓரம்’ இதற்கும் பொருந்தும். இதே பாட்டு 1984-இல் வேறு ஒலிப்பதிவில், நீலப் பின்னணியில் குழு நின்று பாடும் சாதாரண வீடியோவோடு வந்தது. அவர்கள் நாடான நார்வேக்கு வெளியே யாரும் சீந்தவில்லை. திரும்பப் பதிவு செய்து, இந்த வீடியோவோடு 1985-இல் விட்டபோதுதான் அமெரிக்காவில் முதலிடம்.

இப்போது என் ஆதங்கம். பழைய வீடியோக்களைப் ‘புதுப்பித்து’ப் போடுகிறார்கள். எண்பதுகளில் நிறைய வீடியோக்களைப் பிலிமில் எடுத்தார்கள், ஆனால் வெட்டி ஒட்டியது வீடியோ நாடாவில். நாடாவில் இருப்பது 500 சொச்சம் கோடுகள்தான். உண்மையாகத் தெளிவு வேண்டுமானால் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து, திரும்ப ஸ்கேன் செய்து, முதலிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டும். ‘டேக் ஆன் மீ’க்கு 2019-இல் பிலிமிலிருந்து அப்படிச் செய்தார்கள், பென்சில் பொடியே தெரிகிறது. மற்றவர்கள் நாடாவை ஒரு மென்பொருளில் கொடுத்து ஊதிப் பெருக்கிவிடுகிறார்கள். பாடகியின் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடுகிறது. இன்னும் மோசம், சதுரத்துக்குப் பக்கமான பழைய படத்தை அகலத்திரைக்கு வெட்டுவது. கணக்குப் போட்டால் படத்தில் கால்வாசி போய்விடும். நான் நேசித்த ஒரு வீடியோவில் ஆடுகிறவரின் பாதத்தையே வெட்டி எறிந்திருந்தார்கள். ஆட்டத்தில் பாதம் இல்லை!

மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய பதிவையே தேடிப் பாருங்கள்.


நள்ளிரவுவானொலி எழுதியது:

இரண்டாம்பக்கம் நண்பரே, ‘ஓ சூப்பர்மேன்’ கேட்டேன். அது இல்லை. ஆனால் மூன்று முறை கேட்டுவிட்டேன். அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். தப்பான விடை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நான் தேடுவதில் தாளம் உண்டு. நல்ல கனமான தாளம், தலை தானாக ஆடும். ஆனால் அந்தப் பெண் அந்தத் தாளத்தைக் கண்டுகொண்ட மாதிரியே இருக்காது. அவர் பாட்டுக்கு நடந்துபோவார். சொல்லத் தெரியவில்லை, மன்னியுங்கள்.


தாளக்காரன் எழுதியது:

நள்ளிரவுவானொலி அண்ணே, மன்னிப்பெல்லாம் எதற்கு. ‘தாளத்தைக் கண்டுகொள்ளாத குரல்’ என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு சந்தேகம் இருக்கிறது, உறுதி செய்துகொண்டு வருகிறேன்.

அதற்குள் என் பங்கு. நான் டிரம்ஸ் வாசிப்பவன். 1969, த வின்ஸ்டன்ஸ் என்ற குழு. முன்பக்கம் ‘கலர் ஹிம் ஃபாதர்’, கிராமி வாங்கிய பாட்டு. பின்பக்கத்தை நிரப்ப ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு கருவியிசை. அதன் நடுவே மற்ற எல்லோரும் நிற்க, டிரம்மர் கிரிகரி கோல்மன் மட்டும் நான்கு ஆவர்த்தம் வாசிக்கிறார். ஏழு நொடிகூட இருக்காது.

அந்த ஏழு நொடியைத்தான் எண்பதுகளில் ஹிப் ஹாப்காரர்கள் வெட்டி எடுத்துச் சுழலவிட்டார்கள். தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் அதையே வேகப்படுத்தித் துண்டு துண்டாக்கி அடுக்கினார்கள். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற நடன இசை வகைகளே அதன் மேல் எழுந்தவை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. முதல் இரண்டு ஆவர்த்தம் சாதாரணம்தான். மூன்றாவதில் ஸ்னேர் (சின்ன டிரம்) அடி ஒன்று வரவேண்டிய இடத்தில் வராமல் சற்றுத் தள்ளி வருகிறது. நான்காவதில் முதல் அடியே காணோம், அப்புறம் ஒரு சிம்பல் மட்டும் எதிர்பாராத இடத்தில் வெடிக்கிறது. தடுக்கி விழப்போய் விழாமல் நிற்பது மாதிரி. கை ஒவ்வொரு முறையும் ‘சரியான’ இடத்துக்கே போனது. கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டுப் பாடிக்கொண்டே அடித்தபோதுதான் வந்தது.

வேர்தேடி ஐயா சொன்னது இங்கே அப்படியே நடந்தது. கோல்மனுக்கு இதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வீடில்லாமல் இறந்தார். 2015-இல் இரண்டு பிரிட்டிஷ் டிஜேக்கள் இணையத்தில் நிதி திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். நல்ல மனது. ஆனால் கோல்மனுக்கு அது பிந்திவிட்டது.


வேர்தேடி எழுதியது:

பாட்டைக் கொண்டு வரச் சொன்னீர்கள், கொண்டு வந்திருக்கிறேன்.

‘த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’. குழந்தைப் பாட்டு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். சாலமன் லிண்டா 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தன் குழுவோடு பதிவு செய்த ‘எம்பூபே’யை ஒரு தொகுப்பில் கேட்டேன். ஆண்கள் ஒரே சொல்லை அடித்தொண்டையில் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதன் மேல் லிண்டாவின் மெல்லிய உச்சக் குரல் பறவை மாதிரி வட்டமிடுகிறது. கடைசி நொடிகளில் அந்தக் குரல் சட்டென்று ஒரு சிறு மெட்டைப் பிடிக்கிறது. ஒரே ஒரு முறை. முன்கூட்டி எழுதி வைத்ததல்ல, அந்த நேரத்தில் வந்தது.

அந்தச் சிறு மெட்டுதான் 1961-இல் த டோக்கன்ஸ் குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் போன பாட்டின் முழு உடம்பு! உலகமே பாடும் அந்த வரியை லிண்டா போகிற போக்கில், முடிக்கும்போது விட்டுவிட்டுப் போனார். அன்று நான் எழுந்து அறையில் நடக்க ஆரம்பித்துவிட்டேன், உட்கார முடியவில்லை.

உரிமையை 10 ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1962-இல் ஏழையாக இறந்தார். குடும்பத்தோடு உடன்பாடு ஏற்பட்டது 2006-இல்.

ஒலிநாடா, நீங்கள் ஓரத்தில் வைத்தது நிலைத்தது என்று மகிழ்ச்சியாக எழுதினீர்கள். அந்த ஓரத்தில் யார் நின்றார் என்று பார்க்காத வரைக்கும் எனக்கு மகிழ்ச்சி வராது.


மழைமேகம் எழுதியது:

ஐயா, இப்போதுதான் ‘எம்பூபே’ கேட்டு முடித்தேன். அந்தக் கடைசி இடத்தில் உடம்பு சிலிர்த்தது. முழுப் பாட்டையும் அதற்காகக் காத்திருந்து கேட்டேன்.

ஒரு நல்லதையும் சொல்லலாமா? டிரேசி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’, 1988. லூக் கோம்ப்ஸ் என்ற கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசை) பாடகர் 2023-இல் பாடினார். ஒரு பெண் தன் வேலையைச் சொல்லும் வரியை ஆண் பாடுவதற்காக மாற்றாமல் அப்படியே பாடினார். அந்த ஆண்டு நாஷ்வில்லில் கன்ட்ரி இசைக்குத் தரும் சிஎம்ஏ விருதில் சிறந்த பாடல் விருது டிரேசி சாப்மனுக்குப் போனது, எழுதியவர் என்ற முறையில். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர். 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். டிரேசி கிடாரில் அந்த முதல் சுரங்களைத் தொட்டதும் அரங்கம் எழுந்த சத்தத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பக்கத்தில் நிற்கும் லூக் கோம்ப்ஸ் மைக் இல்லாத நேரத்திலும் ஒவ்வொரு வரியையும் வாயசைத்துக்கொண்டிருப்பார், ரசிகர் மாதிரி.

உயிரோடு இருக்கும்போதே, பெயரோடு, மேடையோடு. இப்படியும் நடக்கிறது ஐயா.


வேர்தேடி எழுதியது:

பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். நன்றி குழந்தை. அந்தச் சிரிப்புக்கு நான் எதிர்வாதம் வைக்கப்போவதில்லை.


இரண்டாம்பக்கம் எழுதியது:

தேடுபவர்களுக்கு நடைமுறையில் உதவும் ஒரு விஷயம். பழைய பாட்டைத் தேடிப் போட்டு ‘என்னமோ மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றினால் காதை நம்புங்கள். பல தொகுப்புகளில் இருப்பது அதே பாடகர் பல வருடம் கழித்துத் திரும்பப் பாடிய பதிவு. மூலப் பதிவின் உரிமை வேறு கையில் இருக்கும், அதனால் இப்படிச் செய்வார்கள். பாட்டின் நீளத்தைப் பழைய தட்டின் நீளத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும்.

மாறாக, சில சமயம் நம் காதுதான் தப்பு. என் பழைய கேசட் பிளேயர் கொஞ்சம் வேகமாக ஓடும். அதில் கேட்டு வளர்ந்த பாட்டுகள் எல்லாம் மூலப் பதிவில் அரைச் சுரம் கீழே இருக்கின்றன. இன்றுவரை எனக்கு மூலம் சோர்வாகக் கேட்கிறது.


தாளக்காரன் எழுதியது:

அண்ணே, வந்துவிட்டேன். சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ கேளுங்கள். ஆனால் ‘டிஎன்ஏ’ என்ற பெயர் சேர்ந்திருக்கும் 1990 பதிவை முதலில் கேளுங்கள்.

ஏன் தாளத்தைக் கண்டுகொள்ளாத குரல் என்றால், அவர் பாடியபோது தாளமே இல்லை. 1987-இல் வந்த ‘சாலிட்யூட் ஸ்டாண்டிங்’ தொகுப்பின் முதல் பாட்டு அது. ஒரு கருவிகூடக் கிடையாது, வெறும் குரல். மூன்று வருடம் கழித்து டிஎன்ஏ என்ற இரண்டு இங்கிலாந்து இளைஞர்கள் அனுமதி கேட்காமலே அந்தக் குரலுக்கு அடியில் தாளத்தை வைத்துத் தட்டுப் போட்டார்கள். வழக்குப் போடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தபோது, சூசன் வேகாவின் இசைத்தட்டு நிறுவனம் அதையே வாங்கி முறையாக வெளியிட்டது. இங்கிலாந்தில் இரண்டாம் இடம்.

இன்னொரு செய்தி, எனக்கே சிலிர்ப்பானது. எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், தன் சுருக்கும் முறையைச் சோதிக்க அந்த வெறுங்குரல் பதிவைத்தான் எடுத்துக்கொண்டார். மற்ற பாட்டுகள் நன்றாக வந்தபோதும் இந்தக் குரல் மட்டும் கோரமாகச் சிதைந்ததாம். பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு கருவியும் இல்லையே! அது சரியாகும் வரை நூற்றுக்கணக்கான தடவை கேட்டுக் கேட்டுத் திருத்தினார். அந்தக் கேசட் போனால் என்ன அண்ணே, பிறகு நீங்கள் கேட்ட ஒவ்வொரு எம்பி3-யும் இந்தக் குரலை உரைகல்லாக வைத்துத் தேறியதுதான்.


நள்ளிரவுவானொலி எழுதியது:

இதுதான்.

தாளக்காரன் தம்பி, இதுதான். முதல் இரண்டு நொடியிலேயே தெரிந்துவிட்டது. ‘தத்தத்தா’ வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என் நாற்பது நொடி எந்த இடத்தில் அறுந்தது என்பதுகூட நினைவு வந்தது. அங்கே வந்ததும் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்தேன். பாட்டு நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. முப்பது வருடம் கழித்து முதல்முறையாக அடுத்த வரி.

இப்போது சொல் புரிகிறது. ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. காலையில் ஒருத்தி ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், வெளியே மழை, சன்னலுக்கு அப்பால் ஒரு பெண் நின்று உடையைச் சரிசெய்கிறாள். அவ்வளவுதான். நான் இத்தனை வருடம் அது ஒரு காதல் பாட்டு என்று நினைத்திருந்தேன்.

மூலத்தை இன்னும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது, தாளம் இல்லாமல் அது என் பாட்டாக இருக்குமா என்று.


ஒலிநாடா எழுதியது:

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூலத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.


நள்ளிரவுவானொலி எழுதியது:

கேட்டேன். இரண்டு நிமிடம் சொச்சம்தான்.

தொடங்கியதும் ‘தத்தத்தா’வுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. முதல் சரணம் முடிந்தது, வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. அவர் மேசையில் உட்கார்ந்தார், மழையைப் பார்த்தார், பழைய நினைவு ஒன்று வந்து போனது, எழுந்து கிளம்பினார். சொற்கள் முடிந்தன. அப்போதுதான், கடைசியில், அந்த முனகல் தொடங்கியது. கிளம்பிப் போகிறவர் தெருவில் தனக்குத்தானே முனகிக்கொண்டு நடப்பது போல, அப்படியே தேய்ந்து மறைந்தது.

டிஎன்ஏ பையன்கள் அந்த வாலை எடுத்துத்தான் பல்லவியாக வைத்திருக்கிறார்கள். வேர்தேடி ஐயா, உங்கள் லிண்டா கடைசியில் விட்டுவிட்டுப் போனாரே, அதே மாதிரி.

எம்பூபேயும் கேட்டுவிட்டேன். இன்றிரவு ‘ஆமென், பிரதர்’. அந்த நான்காவது ஆவர்த்தம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று யாராவது சொல்லுங்கள்.


தாளக்காரன் எழுதியது:

சொல்ல மாட்டேன் அண்ணே. முழுப் பாட்டையும் போடுங்கள், மற்றவர்கள் எல்லோரும் சட்டென்று நிற்பார்கள். அப்போது தெரியும்.